வார்சாவில் கேட்டதும் குன்னூரில் பூட்டிக் கிடப்பதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 அக்டோபரில் உங்கள் நாளிதழில் ஐந்தே வரியில் ஒரு செய்தி வந்திருந்தது. போலந்து தலைநகர் வார்சாவில் நடந்த சர்வதேச ஷோபான் பியானோ போட்டியில் அமெரிக்காவைச் சேர்ந்த எரிக் லூ முதல் பரிசு வென்றார், பரிசுத் தொகை 60,000 யூரோ, அவ்வளவுதான். நான் அப்போது ஊரில் இல்லை. எதிர்வீட்டு அக்கா அதை வெட்டி எடுத்துப் பத்திரமாக வைத்திருந்து, "டீச்சர் போன ஊரு பேரு வந்திருக்கு, பாருங்க" என்று நான் குன்னூர் திரும்பிய அன்றே கையில் கொடுத்தார். செய்தி சின்னதாகப் போய்விட்டதே என்று குறை சொல்ல இதை எழுதவில்லை, நம் பத்திரிகையில் அது வந்ததே எனக்குச் சந்தோஷம். ஆனால் அந்த இறுதிச் சுற்றில் ஒரு மாலை முழுக்க நான் அந்த அரங்கத்துக்குள் உட்கார்ந்து கேட்டேன். கேட்டுவிட்டு வந்து, நம் மலையில் பூட்டிக் கிடக்கிற பியானோக்களைப் பார்த்தால் மனசு ஆறவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் போகும், முடிந்தவரை வெட்டாமல் போடுங்கள்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. அப்பா அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து வெலிங்டன் வரைக்கும் நடந்துபோய், அங்கே ஓர் ஆங்கிலோ இந்திய அம்மா வீட்டில்தான் பியானோ கற்றுக்கொண்டேன். மாதம் ஐந்து ரூபாய். வீட்டில் கை இறுக்கமாக இருக்கிற மாதங்களில் அவர் அதையும் வாங்க மாட்டார், எங்கள் அம்மா கொல்லையில் பறித்த பீன்ஸையும் கேரட்டையும் பையில் போட்டுக் கொடுத்தனுப்புவார். உள்ளே போனதும் முதலில் கை கழுவ வேண்டும், துடைக்க வேண்டும், பிறகுதான் மூடியைத் திறக்கவே விடுவார். அப்படிக் கற்றதை வைத்து 31 ஆண்டுகள் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்தேன், இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாமாலைக்கு வாசிக்கிறேன்.

என் மகள் மூன்று வருஷமாக வார்சாவில் கணினி வேலையில் இருக்கிறாள். அவளோடு வேலை பார்க்கும் போலந்துக்காரப் பெண் இந்த இறுதிச் சுற்றுக்கு ஓராண்டு முன்பே டிக்கெட் வாங்கி வைத்திருந்தாராம். அங்கே அப்படித்தான், ஒரு வருஷத்துக்கு முன்பே விற்பனைக்கு வரும், வந்த வேகத்தில் தீர்ந்துவிடும். அவர் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் ஊருக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. மகளிடம் "உன் அம்மா பியானோ டீச்சர்தானே, அவங்க போகட்டும்" என்று டிக்கெட்டைக் கொடுத்துவிட்டார், பணமும் வாங்கவில்லை. இதைச் சொல்லும்போதே எனக்கு அந்த வெலிங்டன் அம்மாவின் ஞாபகம் வருகிறது.

தெரியாதவர்களுக்காகப் போட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். 1927ல் தொடங்கியது, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும், 2020ல் நடக்க வேண்டியது கொரோனாவால் 2021க்குத் தள்ளிப்போனது. முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்று வரை ஷோபான் என்ற போலந்து இசையமைப்பாளர் ஒரே ஒருவர் எழுதிய இசையைத்தான் வாசிக்க வேண்டும். வயது 16 முதல் 30 வரை. இந்த முறை 600 பேருக்கு மேல் விண்ணப்பித்து, அதில் வடிகட்டி 80க்கு மேற்பட்டவர்கள் அக்டோபரில் மேடை ஏறி, மூன்று சுற்றுக்குப் பிறகு மிஞ்சியவர்கள் 11 பேர். இறுதிச் சுற்றில் எப்போதும் ஆர்கெஸ்ட்ரா என்ற பெரிய வாத்தியக் குழுவோடு சேர்ந்து பியானோ வாசிக்கும் கான்செர்டோ ஒன்று உண்டு, இந்த முறை புதிதாகத் தனியாக வாசிக்கும் பொலொனேஸ் ஃபான்டசி என்ற பெரிய படைப்பையும் சேர்த்திருந்தார்கள். 18, 19, 20 மூன்று நாள், என் டிக்கெட் 19ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு.

ஞாயிறு என்பதால் காலையில் மகள் என்னைத் திருச்சிலுவை ஆலயத்துக்கு அழைத்துப் போனாள். ஷோபானின் இதயம் அங்கேதான் ஒரு தூணுக்குள் இருக்கிறது. ஏதோ அடையாளத்துக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், நிஜமான இதயம். 1830 நவம்பரில், 20 வயதில் வார்சாவை விட்டுக் கிளம்பிய பையன் திரும்பி வரவே முடியவில்லை, 1849 அக்டோபர் 17ல் பாரிஸில் செத்துப்போனார். உடல் பாரிஸில் இருக்கிறது, இதயத்தை மட்டும் அவருடைய அக்கா ஒரு ஜாடியில் சாராயத்துக்குள் வைத்து யாருக்கும் தெரியாமல் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஒவ்வொரு போட்டியின்போதும் அவர் இறந்த அந்த 17ஆம் தேதி யாரும் போட்டியில் வாசிப்பதில்லை, அன்று அந்த ஆலயத்தில் மோட்சார்ட்டின் இரங்கல் திருப்பலி இசையைப் பாடுகிறார்கள். தூணில் என்னவோ எழுதியிருந்தது, என்ன என்று மகளைக் கேட்டேன், அவள் போனில் பார்த்து மத்தேயு 6:21 என்றாள். அதற்கு மேல் அவள் படிக்க வேண்டியிருக்கவில்லை, எனக்கு மனப்பாடம். உங்கள் பொக்கிஷம் எங்கேயிருக்கிறதோ அங்கே உங்கள் இருதயமும் இருக்கும். அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

மாலையில் அரங்கத்துக்குப் போனோம். டிக்கெட் ஒன்றுதான், அதனால் மகள் பக்கத்துக் காபிக் கடையில் மடிக்கணினியோடு உட்கார்ந்துகொண்டாள், நான் பட்டுச் சேலை, அதற்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் அவளுடைய கனமான கோட்டு என்று உள்ளே போனேன். குளிர் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, நம் ஊட்டி டிசம்பர் போலத்தான். கோட்டை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு வில்லை தருகிறார்கள், கோட்டோடு யாரும் உள்ளே போவதில்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பாட்டிக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும், பேரன் கையைப் பிடித்திருந்தார், அந்தப் பையன் கையில் ஒரு நோட்டு, அதில் போட்டியாளர்களுக்கு அவனே மதிப்பெண் போட்டு வைத்திருந்தான்! என்னைப் பார்த்துச் சிரித்தான், நோட்டைக் காட்டினான், எனக்கு அவன் மொழி தெரியாது, ஆனால் யாருக்கு எவ்வளவு என்று புரிந்தது.

1901ல் திறந்த அரங்கம் அது. இரண்டாம் உலகப் போரில் அந்த ஊரோடு சேர்ந்து இடிந்துபோனது, 1955ல் திரும்பக் கட்டி, திறந்ததே இந்தப் போட்டியோடுதான். நடுவர்கள் மாடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் காரிக் ஓல்சன், 1970ல் இதே போட்டியில் முதல் பரிசு வாங்கிய அமெரிக்கர். அங்கிருந்து பார்த்தால் வாசிப்பவரின் தோள் எப்படி இறங்கியிருக்கிறது என்பது வரைக்கும் தெரியும்.

அன்று நாலு பேர் வாசித்தார்கள். யார் நன்றாக வாசித்தார், யார் எங்கே தடுக்கினார் என்று விமர்சனம் எழுத எனக்குத் தகுதியும் இல்லை, ஆசையும் இல்லை. கேட்டதைச் சொல்கிறேன். அந்தப் பொலொனேஸ் ஃபான்டசி எப்படித் தொடங்கும் என்றால், இரண்டு கை நிறைய ஸ்வரங்களை ஒன்றாக அழுத்திவிட்டு, அதிலிருந்து ஒற்றை இழையாக ஒரு சத்தம் கீழேயிருந்து மேலே ஏறி ஏறி அப்படியே காற்றில் கரைந்துபோகும். பிறகு ஒன்றும் இல்லை. வாசிப்பவர் காத்திருப்பார். மறுபடியும் அதே மாதிரி இன்னொன்று. டால்பின் நோஸ் பக்கம் பனிமூட்டத்தில் நின்று யாரையாவது கூப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா, குரல் போய்க்கொண்டே இருக்கும், எங்கே நின்றது என்று தெரியாது, அந்த மாதிரி. ஆயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்திருக்கிற இடத்தில் அந்தக் கரைகிற சத்தம் கடைசி வரைக்கும் காதில் விழுந்தது. யாரும் செருமவில்லை, ஒரு பை திறக்கிற சத்தம் இல்லை, போன் வெளிச்சம் இல்லை. என் ஐம்பது வருஷ வாசிப்பில் பெடலை மிதித்துக்கொண்டு ஒரு ஸ்வரம் முழுசாக அணைகிற வரைக்கும் காத்திருந்தது எத்தனை முறை என்று எண்ணிப் பார்த்தேன். நம் வீடுகளில் குக்கர் சத்தம், தெருவில் ஆட்டோ, ஸ்பீக்கர், அதற்கு நடுவில் அடுத்த ஸ்வரத்துக்குத் தாவிவிடுவோம். நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

கான்செர்டோவில் இன்னொரு விஷயம். ஷோபான் எழுதிய இரண்டு கான்செர்டோக்களில் இ மைனர் என்ற சுருதியில் உள்ளதைத்தான் போட்டியில் அதிகம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். அதில் பியானோ தொடங்குவதற்கு முன்னால் ஆர்கெஸ்ட்ரா மட்டும் ஏறக்குறைய நாலு நிமிஷம் வாசிக்கும். அந்த நாலு நிமிஷமும் அந்தப் பிள்ளை கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். எத்தனையோ வருஷம் தினமும் மணிக்கணக்கில் உழைத்து, இரண்டு வாரத்துக்கு மேலாக ஒவ்வொரு சுற்றாகத் தாண்டி வந்து, எதிரே நடுவர்கள், உலகம் முழுக்க நேரலை, அந்த நிலையில் நாலு நிமிஷம் சும்மா இருப்பது! ஒருவர் கைக்குட்டையால் பியானோக் கட்டைகளை மெதுவாகத் துடைத்தார். இன்னொருவர் கண்ணை மூடித் தலையை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தார். என் வயிற்றுக்குள் என்னவோ செய்தது, பரீட்சை ஹாலுக்கு வெளியே பெற்ற பிள்ளைக்காக நிற்கிற மாதிரி. பிறகு இரண்டு கையும் ஒன்றாக இறங்கி அந்த முதல் ஸ்வரங்கள் வந்தபோது பக்கத்தில் இருந்தவரும் நானும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டோம்.

இன்னொன்றும் மனசில் நிற்கிறது. அந்த இரண்டு கான்செர்டோக்களையும் ஷோபான் எழுதியது 19, 20 வயதில், 1829, 30ல், அதே வார்சாவில்தான். இ மைனரை முதன்முதலாக வாசித்தது 1830 அக்டோபர் 11ல், ஊரை விட்டுப் போவதற்கு முன் கடைசிக் கச்சேரியில். மேடையில் வாசிக்கிற பிள்ளைகள் பலருக்கும் ஏறக்குறைய அதே வயசு. நடுப்பகுதி மெதுவாக வரும்போது, வயலின்களில் மியூட் போட்டு சத்தத்தை அடக்கி வாசிப்பார்கள், அதன் மேலே பியானோ தனியாகப் பேசும், அப்போது எனக்கு இது ஊரை விட்டுப் போகிற பையனின் சத்தம் என்று பட்டது. அழுதுவிட்டேன். வரிசையில் பார்த்த அந்தப் பாட்டி எனக்கு இரண்டு இருக்கை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார், அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் எல்லாரும் எழுந்து வெளியே போனார்கள், நான் போகவில்லை. மேடையில் பியானோ சுருதி சேர்ப்பவர் வந்து உட்கார்ந்தார். இந்தப் போட்டிக்கு ஐந்து கம்பெனி பியானோக்கள், ஸ்டைன்வே, யமஹா, கவாய், ஃபாட்சியோலி, பெக்ஸ்டைன். தொடக்கத்திலேயே ஒவ்வொருவருக்கும் 15 நிமிஷம் கொடுத்து, வாசித்துப் பார்த்துத் தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். அந்த மனிதர் ஒரு ஸ்வரத்தைத் தட்டுவார், தலையைச் சாய்த்துக் கேட்பார், கம்பியை முறுக்கும் சாவியை மயிரிழை திருப்புவார், மறுபடி தட்டுவார். வெளியில் அவ்வளவு கூட்டம் பேசிக்கொண்டிருக்கிறது, அவர் காதுக்குள் அந்த ஒரு கம்பி மட்டும்தான் இருந்தது. ஒரு பியானோவில் 88 கட்டை, 220, 230 கம்பி, எல்லாவற்றின் இழுவிசையையும் சேர்த்தால் பதினெட்டு, இருபது டன் வரும். அத்தனையும் ஒரு நாள் குளிர், ஒரு நாள் வெயில் என்றால் ஆடிப்போகும். அவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குக் குன்னூர் ஞாபகம் வந்தது, அதற்குப் பிறகு வாசித்த இரண்டு பேரையும் அந்த ஞாபகத்தோடுதான் கேட்டேன்.

மறுநாள் 20ஆம் தேதி, நம் ஊரில் தீபாவளி. கடைசி மூன்று பேர் வாசித்ததை மகள் வீட்டில் நேரலையில் பார்த்தோம். அங்கே மாலை 6 என்றால் இங்கே இரவு 9.30. என்னிடம் கற்றுக்கொள்ளும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறாள், அம்மா கொழுந்து பறிக்கிறார், அப்பா தேயிலைத் தொழிற்சாலையில். அவள் அப்பா போனை வாங்கி, வெடிச் சத்தத்துக்கு நடுவில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதே நேரலையைப் பார்த்தாளாம். எனக்கு வாய்ஸ் மெசேஜ் வந்துகொண்டே இருந்தது. "மிஸ், நீங்க அந்த ஹால்லதான் உக்காந்திருந்தீங்களா? நிஜமாவா மிஸ்?" பிறகு ஒன்று, "மிஸ், அவங்க கட்டைய அமுக்கவே இல்ல, தடவுறாங்க." முடிவு சொல்ல அங்கே நள்ளிரவு தாண்டி விடிகாலையே ஆகிவிட்டது, நாங்கள் தூங்கவில்லை. எரிக் லூ முதல், கனடாவின் கெவின் சென் இரண்டாவது, சீனாவின் சித்தோங் வாங் மூன்றாவது. ஐந்தாவது இடத்தைப் போலந்துப் பையனோடு பகிர்ந்துகொண்டவர் மலேசியாவின் வின்சென்ட் ஓங். நம் தமிழர்கள் இத்தனை பேர் வாழ்கிற மலேசியா. எரிக் லூ 2015லேயே 17 வயதில் இதே மேடையில் நாலாவது வந்தவர், 2018ல் இங்கிலாந்தின் லீட்ஸ் போட்டியை வென்றவர், பெயர் வந்தபிறகும் பத்து வருஷம் கழித்து மறுபடி வந்து வரிசையில் நின்றார். அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்தது.

அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் வியட்நாமின் டாங் தாய் சோன். 2021ல் வென்ற புரூஸ் லியூவும் அவர் மாணவர்தான். இவரைப் பற்றி நான் என் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வேன். 1958ல் ஹனோயில் பிறந்தவர், அம்மாதான் முதல் டீச்சர், போர்க்காலத்தில் குண்டு விழுகிறது என்று இசைப் பள்ளியையே கிராமத்துக்கு மாற்றியபோது அங்கேதான் வளர்ந்தார். அப்படிப்பட்ட பையன் 1980ல் வார்சாவுக்குப் போய் முதல் பரிசு வாங்கினார், ஆசியாவிலிருந்து முதல் ஆள். அந்தக் காலத்தில், அந்த நிலைமையில், அந்தக் கிராமத்தில் யாரோ ஒரு பியானோவைக் கொண்டுபோய் வைத்து, அதைப் பிள்ளைகள் தொடுவதற்கு விட்டிருக்கிறார்கள் இல்லையா? நான் கேட்பது அது ஒன்றைத்தான்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

நீலகிரியில் பியானோ இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து மாட்டு வண்டியிலும் ரயிலிலும் ஏற்றிக் கொண்டுவந்தவை எத்தனையோ, சர்ச்சுகளில், கிளப்புகளில், பழைய எஸ்டேட் பங்களாக்களில், பெரிய பள்ளிக்கூடங்களில் இருக்கின்றன. அதில் பாதிக்கு மேல் மூடியைத் திறந்து வருஷக்கணக்காகி இருக்கும், மேலே துணி விரித்துப் பூச்சாடி வைத்திருப்பார்கள். பெயர் சொல்ல விரும்பவில்லை, ஒரு பள்ளியில் நாற்பது வருஷமாக நான் பார்த்து வந்த பியானோ ஒன்றைப் போன வருஷம் பழைய மர சாமான் வியாபாரிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அவர் உள்ளே இருந்த கம்பிச் சட்டத்தைக் கழற்றி இரும்பு விலைக்குப் போட்டுவிட்டு, மரப்பெட்டியை ஓட்டல் ஒன்றுக்கு அலங்கார மேசையாகச் செய்து விற்றார். எனக்குத் தெரிந்திருந்தால் வாசலில் போய் உட்கார்ந்திருப்பேன். தெரிந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

நம் மலைக் காற்று பியானோவுக்கு ஆகாது என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் வழி இருக்கிறது. இந்த ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊறிக் கட்டை இறுகிக்கொள்ளும், அமுக்கினால் மேலே வராது, கம்பி துருப்பிடிக்கும், சுத்தியல் மேலிருக்கிற கம்பளித் துணியைப் பூச்சி அரிக்கும். அதற்கு நம் பெரியவர்கள் செய்த வேலை, பெட்டிக்குள் அடியில் ஒரு 40 வாட்ஸ் குண்டு பல்பை எரியவிடுவது, அந்தச் சூடு போதும். இப்போது எல்.இ.டி. பல்பு சூடாவதில்லை, பழைய குண்டு பல்பு கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கிறது, நான் மேட்டுப்பாளையத்தில் ஒரு கடைக்காரரிடம் சொல்லி வைத்து வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறேன். வருஷத்துக்கு இரண்டு முறை சுருதி சேர்க்க வேண்டும். இங்கே ஆள் இல்லை, வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும், ஒரு பியானோவுக்காக அவர் மலை ஏறினால் போக்குவரத்துச் செலவே கையைக் கடிக்கும். ஆனால் குன்னூர், வெலிங்டன், ஊட்டி, கோத்தகிரி நாலு ஊரிலும் பியானோ வைத்திருப்பவர்கள் ஒன்று சேர்ந்து ஒரே வாரத்தில் வரச்சொன்னால், செலவைப் பிரித்துக்கொண்டால், ஒவ்வொருவருக்கும் தாங்கக்கூடிய தொகைதான் வரும். இதை யாரும் இதுவரை செய்யவில்லை. யாருக்கு யாரைத் தெரியும் என்பதே தெரியாமல் இருக்கிறோம்.

சரி, யார் வாசிக்கப் போகிறார்கள் என்று கேட்பீர்கள். பெரிய உறைவிடப் பள்ளிகளில் படிக்கிற பிள்ளைகளுக்கு நல்ல பியானோவும் டீச்சரும் இருக்கிறார்கள், கிரேடு பரீட்சை எழுதுகிறார்கள், நன்றாக இருக்கட்டும். நான் கேட்பது மற்ற பிள்ளைகளுக்காக. நான் சொன்ன அந்த எட்டாம் வகுப்புப் பெண் 61 கட்டை கீபோர்டில்தான் கற்றுக்கொண்டாள், அதுவும் வேறொருவர் கழித்துக் கொடுத்தது. அதில் எப்படித் தட்டினாலும் ஒரே சத்தம்தான் வரும். போன வருஷம் ஒருநாள் சர்ச் ஹாலில் இருக்கிற பழைய பியானோவில் உட்கார வைத்தேன். ஒரு கட்டையை அமுக்கிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள், பயந்துவிட்டாளோ என்று பார்த்தேன். "மிஸ், கட்டை கனமா இருக்கு. ஆனா மெதுவா அமுக்குனா மெதுவா பேசுது மிஸ்" என்றாள். எனக்கு இதைச் சொல்லிக்கொடுக்க இரண்டு வருஷம் ஆகியிருக்கும், அந்தப் பியானோ ஒரு நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்தது.

இது நம்ம சங்கீதம் இல்லையே என்றும் சிலர் சொல்கிறார்கள், நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். அவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றிய இளையராஜா பண்ணைப்புரத்துக்காரர். சென்னைக்கு வந்து மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரின் அறையில் உட்கார்ந்து மேற்கத்திய இசையைக் கற்றுக்கொண்டவர். அந்த அறையில் ஒரு பியானோ இருந்தது, கதவு திறந்திருந்தது.

அதனால் உங்கள் நாளிதழ் மூலமாக நம் மாவட்டத்து மக்களிடம் கேட்கிறேன். பியானோ வைத்திருக்கிற பள்ளி, கிளப், சர்ச், பங்களாக்காரர்கள் யாரும் அதை வியாபாரிக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை ஊரில் சொல்லுங்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் வெளிப் பிள்ளைகளுக்கு அந்த மூடியைத் திறந்து வையுங்கள், கெட்டுப்போகாது, வாசிக்காமல் இருந்தால்தான் கெட்டுப்போகும். நகராட்சிக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள், மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்கா பழக் கண்காட்சி என்று எத்தனையோ மேடை போடுகிறீர்கள், அதில் ஒரு மாலையை நம் மலைப் பிள்ளைகள் வாசிப்பதற்குக் கொடுங்கள். படுகர் பாட்டு வரட்டும், நாகஸ்வரம் வரட்டும், ஓரமாக ஒரு பியானோவும் இருக்கட்டும். ஸ்பீக்கரை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

வார்சாவில் நான் ஏறிய டாக்சியில் அந்த ஓட்டுநர் போட்டியை ரேடியோவில் கேட்டுக்கொண்டே ஓட்டினார். இறங்குகிற இடம் வந்துவிட்டது, வாசிப்பு முடியவில்லை, எஞ்சினை அணைத்துவிட்டு விரலைக் காட்டி ஒரு நிமிஷம் என்றார். மகளும் நானும் உட்கார்ந்திருந்தோம். முடிந்ததும்தான் காசு வாங்கினார். இங்கே நம் பஸ்களில் ராஜா பாட்டு ஓடும்போது எத்தனை பேர் சத்தமில்லாமல் கூடவே பாடிக்கொண்டு வருகிறார்கள், கேட்கிற காது நம்மிடம் நிறைய இருக்கிறது ஐயா.

நான் ஊர் திரும்பி முதலில் செய்த வேலை, சர்ச் ஹால் பியானோவின் கீழ்ப் பலகையைக் கழற்றி உள்ளே புது பல்பு மாட்டியது. இரண்டு நாளில் இறுகியிருந்த கட்டைகளில் மூன்று மேலே வந்துவிட்டன, நடு ஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒன்று இன்னும் வரவில்லை. போதகர் ஐயாவிடம் பேசிவிட்டேன், சனிக்கிழமை காலை 10 மணியிலிருந்து 12 மணி வரை ஹால் திறந்திருக்கும், சாவி என்னிடம்தான். எந்தப் பள்ளிப் பிள்ளையாக இருந்தாலும், எந்த மதமாக இருந்தாலும் வரலாம், காசு வேண்டாம். கை கழுவ வாசலிலேயே குழாய் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாட்டு ஆசிரியை ஒருவர்,
குன்னூர், நீலகிரி.